நொதிக்கும் பீருக்கு எத்தனை டிகிரி? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பீர் தயாரிக்கும் வாசகர்களிடமிருந்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. கைவசம் இருந்த பாத்திரங்களையும் குழாய்களையும் கொண்டு கருவிகளை அமைத்தாயிற்று. செய்முறையையும் பிசகாமல் பின்பற்றியாயிற்று. ஆனாலும் சுவை சரியாக அமையவில்லை. கடிதங்களைக் கூர்ந்து படித்தால், குறை பெரும்பாலும் பாத்திரத்தில் இல்லை, நொதிக்கும் நாட்களின் வெப்பநிலையில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. ஆகவே இவ்விதழில் அதற்கே அதிக இடம் தருகிறோம். வீட்டில் பீர் தயாரிப்பதை எல்லா நாடுகளின் சட்டமும் அனுமதிப்பதில்லை. அனுமதி உள்ள இடங்களில் வாழ்பவர்களுக்கே இந்தப் பதில்கள்.

கேள்வி: என் அறையின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ். ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) வகை ஈஸ்ட்டின் உறையிலும் 18 முதல் 22 டிகிரி வரை என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பீரில் நகப்பூச்சை நீக்கும் திரவத்தின் வாடையும், குடிக்கும்போது தொண்டையில் ஓர் எரிச்சலும் இருக்கின்றன. நாள்பட வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: உறையில் அச்சிட்டிருப்பது அறையின் வெப்பநிலை அன்று, பீரின் வெப்பநிலை. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, சுடுநீரில் ஊறவைத்து வடித்தெடுத்த இனிப்புச் சாறான வோர்ட்டில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று கொண்டால் சாற்றின் அடர்த்தி) 1.050 உள்ள 20 லிட்டர் வோர்ட்டில் ஏறத்தாழ 2.6 கிலோ கரைபொருள் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஈஸ்ட் உட்கொள்ளும்போது வெளிப்படும் வெப்பம், வெளியேற வழியே இல்லாமற்போனால், அவ்வளவு சாற்றையும் 10 டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதுமானது. பாத்திரத்தின் சுவர் வழியாக வெப்பம் தொடர்ந்து கசிந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் நொதித்தல் உச்சத்தில் இருக்கும் நாளில் பீர், அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறுவது வழக்கமே. உங்கள் 22 டிகிரி அறையில் பீர் 26, 27 டிகிரியில் நொதித்திருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் வாடை எத்தில் அசிட்டேட் என்னும் எஸ்டருடையது (எஸ்டர் என்பது ஈஸ்ட் உண்டாக்கும் மணப்பொருள்). எரிச்சலுக்குக் காரணம் ஃபியூசல் எனப்படும் கன ஆல்கஹால்கள். இவை இரண்டும் ஈஸ்ட் பெருகி வளரும் கட்டத்தில், அதாவது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் பெரும்பாலும் உருவாகின்றன. வெப்பம் கூடினால் வளர்ச்சி வேகம் கொள்கிறது. அந்த வேகத்தில் இவையும் மிகுகின்றன. எஸ்டரின் மணம் காலப்போக்கில் ஓரளவு தணியலாம். ஃபியூசல் ஆல்கஹால்கள் போவதில்லை. ஆகையால் காத்திருந்து சரிசெய்யும் வழியை நான் சொல்ல மாட்டேன். அடுத்த முறை தொடக்கத்தையே சரிசெய்யுங்கள். வோர்ட்டை 17 அல்லது 18 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே ஈஸ்ட்டைச் சேருங்கள். 28 டிகிரியிலேயே ஈஸ்ட்டை இட்டுவிட்டு, இரவில் தானே குளிர்ந்துவிடும் என்று விடுவது மிகப் பரவலான பழக்கம். கெடுதலின் பெரும்பகுதி அந்த இரவில்தான் நடந்து முடிகிறது. முதல் மூன்று நாட்கள் 18 அல்லது 19 டிகிரியில் பிடித்து வைத்து, நான்காம் நாளிலிருந்து 20, 21 டிகிரி வரை ஏறவிட்டால், ஈஸ்ட் எஞ்சிய சர்க்கரையையும் தின்று முடித்து, பச்சை ஆப்பிள் மணம் தரும் அசிட்டால்டிஹைடையும் பெருமளவு நீக்கிவிடும்.

கோடையின் வெப்பம் பீரைக் கெடுக்கும் என்பதை ஈஸ்ட் என்றால் என்னவென்று அறியாத காலத்திலேயே அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பவேரியாவில் 1553-இல், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரிக்கவே கூடாது என்று ஆணையிட்டார்கள். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் எந்திரத்தை முதன்முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் பீர் ஆலைக்காரர்களும் இருந்ததற்குக் காரணம் இதுவே.

கேள்வி: பீருக்கென்று தனியாகக் குளிர்சாதனப் பெட்டி வாங்க எனக்கு வசதி இல்லை. நொதிக்கும் பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டி மின்விசிறியை ஓடவிடுகிறேன். சில வாரங்களில் பலன் தெரிகிறது, சில வாரங்களில் எதுவுமே நடப்பதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

பதில்: ஈரத்துணி குளிர்வதற்குக் காரணம் நீர் ஆவியாவது, ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் ஈரப்பதம். காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் துணி பல டிகிரி குளிர்விக்கும்; புழுக்கமான நாட்களில் எத்தனை மின்விசிறிகளை வைத்தாலும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. எனவே துணியை மட்டும் நம்பாமல், பாத்திரத்தை ஓர் அகன்ற தொட்டியில் வைத்து, உள்ளே பீர் நிற்கும் உயரத்தை எட்டும் அளவுக்கு வெளியே தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம் மிதக்கத் தொடங்கினால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். துணியின் நுனி தண்ணீரில் தோய்ந்திருந்தால் அதுவே நீரை உறிஞ்சி ஈரமாக இருந்துகொள்ளும்.

இந்த அமைப்பின் உண்மையான பலம் தண்ணீரின் நிறையில் இருக்கிறது. 20 லிட்டர் பீரும் அதைச் சூழ்ந்த 20 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால், அறையின் வெப்பம் பகலில் ஏறி இரவில் இறங்குவதை அவை எளிதில் ஏற்பதில்லை. குளிர்விக்க வேண்டுமானால், உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைத் தொட்டியில் போடுங்கள்; அது உருகி முடிவதற்குள் அந்த 40 லிட்டரையும் சேர்த்து 2 டிகிரிக்குச் சற்று மேல் குளிர்விக்கும். காலையும் மாலையும் போத்தல்களை மாற்றினால், வெளியில் 27 டிகிரி இருக்கும்போதும் பீரை 19, 20 டிகிரியில் நிறுத்த முடியும். எத்தனை போத்தல்கள் தேவை என்பதை உங்கள் தொட்டியின் அளவும் அறையின் வெப்பமும்தான் முடிவு செய்யும். முதல் முறை வெறும் தண்ணீரை வைத்து ஒரு நாள் ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நான்காம், ஐந்தாம் நாளில் நொதித்தல் தணியும்போது பீர் தானாக வெப்பம் தருவது நின்றுவிடும். அப்போதும் அதே எண்ணிக்கையில் பனிக்கட்டிப் போத்தல்களைப் போட்டால் வெப்பநிலை திடீரென்று சரியும். ஈஸ்ட் வேலையை முடிக்காமலே அடியில் படிந்துவிடும். அந்த நாளிலிருந்து போத்தல்களைக் குறைத்து, பிறகு அடியோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பழைய ஃப்ரீசர் பெட்டி ஒன்று கிடைத்தது. அதனுடன் தனி தெர்மோஸ்டாட் ஒன்றை இணைத்து, அதன் உணரியைப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். திரையில் 18 டிகிரி என்று காட்டுகிறது, ஆனால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி ஓடி நிற்கிறது. இது சரியான அமைப்பா?

பதில்: கருவி சரியானதே, உணரி இருக்கும் இடம்தான் தவறு. நீங்கள் கட்டுப்படுத்துவது பெட்டிக்குள் இருக்கும் காற்றை. காற்று நொடிகளில் குளிர்ந்து, நிமிடங்களில் சூடாகிவிடும். ஆகவே கம்ப்ரசர் அடிக்கடி இயங்குகிறது. அதேவேளையில் பீரின் உட்புறம் 21, 22 டிகிரியில் இருந்தாலும் அது தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. உணரியைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில், பீரின் மட்டத்துக்கு நன்றாகக் கீழே ஒட்டி, அதன் மேல் இரண்டு விரல் தடிமனுக்கு நுரைப் பஞ்சு வைத்துக் கட்டிவிடுங்கள். பஞ்சு பெட்டியின் குளிர்காற்றைத் தடுப்பதால் உணரி சுவரின் வெப்பத்தை மட்டுமே உணரும். அந்த அளவு பீரின் வெப்பநிலையை மிக நெருக்கமாக ஒட்டியிருக்கும்.

அடுத்து, தெர்மோஸ்டாட்டில் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். கம்ப்ரசர் மீண்டும் ஓடத் தொடங்குவதற்கு முன் எத்தனை டிகிரி ஏற வேண்டும் என்பது ஒன்று, அதை 0.5 முதல் 1 டிகிரி வரை வையுங்கள். நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓட எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. குளிர்வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வருமுன் ஓடத் தொடங்கினால் மோட்டார் திணறிப் பழுதாகும் என்பதால், இதை 3 முதல் 5 நிமிடத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். குளிர் நாட்களில் சூடேற்றவும் அமைப்பு வேண்டுமென்றால், பாத்திரத்தைச் சுற்றிக் கட்டும் குறைந்த திறனுள்ள வெப்பப் பட்டையே நல்லது. பெட்டிக்குள் மின்விளக்கை எரியவிட்டுச் சூடேற்றுபவர்கள் உண்டு. கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் அந்த ஒளி, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்புப் பொருட்களைச் சிதைத்துத் துர்நாற்றம் தரும் கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும்.

கம்பி நுழைப்பதற்காகப் பெட்டியின் சுவரில் துளையிடாதீர்கள். பல ஃப்ரீசர்களில் குளிர்வாயுக் குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. மூடியின் ரப்பர் விளிம்பின் கீழே கம்பியை விட்டாலே போதும். தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் நில இணைப்பும் கட்டாயம் வேண்டும். மூடிய பெட்டிக்குள் கரியமில வாயு தேங்கி நிற்கும் என்பதால், திறந்தவுடன் தலையை உள்ளே நுழைக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள்.

கேள்வி: அலுமினியப் பாத்திரத்தில் வோர்ட்டைக் கொதிக்கவைத்தால் கேடு உண்டா?

பதில்: இல்லை. புதிய பாத்திரமானால் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி நெடுநேரம் கொதிக்கவிடுங்கள். உட்புறம் மங்கி, ஆக்சைடுப் படலம் உருவாகும். அந்தப் படலமே பாதுகாப்பு. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கவோ, காரச் சோடா கொண்டு கழுவவோ கூடாது.

கேள்வி: கொதித்த 20 லிட்டர் வோர்ட்டைக் குளிர்விக்கச் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து நானே ஒரு கருவி செய்தேன். குழாய்த் தண்ணீரே 27 டிகிரியில் வருவதால், 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. சுருளை நீளமாக்கினால் பலன் இருக்குமா?

பதில்: நீளமாக்கினால் 30 டிகிரியை விரைவில் எட்டலாம், ஆனால் சுருளுக்குள் ஓடும் தண்ணீரைவிட வோர்ட் ஒருபோதும் குளிர முடியாது. 10 முதல் 15 மீட்டர் குழாயே இந்த அளவுக்குப் போதும். 35 டிகிரி வரை குழாய்த் தண்ணீரால் குளிர்வியுங்கள். அதன் பிறகு, பனிக்கட்டி கலந்த ஒரு வாளித் தண்ணீரைச் சிறிய பம்பு மூலம் சுருளுக்குள் சுற்றவிடுங்கள். தொடக்கத்திலேயே பனிக்கட்டியைச் செலவழித்தால் கொதிநிலையின் வெப்பம் அத்தனையையும் உருக்கித் தீர்த்துவிடும். சுருளை அசையாமல் விடாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் நேரம் வெகுவாகக் குறையும். இணைப்புகளைப் பற்றவைக்க ஈயம் கலவாத பற்றாசையே பயன்படுத்துங்கள்; கொதி முடிவதற்கு 15 நிமிடம் இருக்கும்போது சுருளை உள்ளே இறக்கினால் அது கிருமிநீக்கமும் பெற்றுவிடும்.

இவ்வளவு செய்தும் 24, 25 டிகிரியில் நின்றால், பாத்திரத்தை இறுக மூடி, முந்தைய பதிலில் சொன்ன தொட்டியிலோ ஃப்ரீசரிலோ சில மணி நேரம் வைத்து, 18 டிகிரி ஆனபின் ஈஸ்ட்டைச் சேருங்கள். பாத்திரம் நன்றாகக் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தால் அந்தச் சில மணி நேரத் தாமதத்தால் கேடு வருவதில்லை. சூட்டில் சேர்த்த ஈஸ்ட்டால் நிச்சயம் வரும்.

கேள்வி: ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பில்) குமிழ் வருவது நின்ற மறுநாளே போத்தலில் அடைத்தேன். இரண்டு வாரத்தில் மூன்று போத்தல்கள் வெடித்தன. சர்க்கரை அதிகமாகிவிட்டதா?

பதில்: முதலில், மீதியுள்ள போத்தல்களைக் கண்ணாலும் கையாலும் அணுகுவதற்கு முன் முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்து, அவற்றை ஒரு மூடிய பெட்டிக்குள் குளிரவைத்து, பிறகு மூடியைத் தளர்த்துங்கள். வெடிக்கும் கண்ணாடி உயிருக்கே ஆபத்து.

குமிழ் நின்றது என்பதற்கு நொதித்தல் முடிந்தது என்று பொருள் கொள்ள முடியாது. மூடியில் கசிவு இருந்தாலும், இரவில் குளிர் இறங்கினாலும் குமிழ் நிற்கும். ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றே நம்பத்தக்க சாட்சி: இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் நின்றால்தான் அடைக்க வேண்டும். 1.050-இல் தொடங்கி 1.010-இல் நின்றால், வேறுபாட்டை 131.25-ஆல் பெருக்கி, ஆல்கஹால் ஏறத்தாழ 5.25 விழுக்காடு என்று கணக்கிடலாம். போத்தலில் வாயு உண்டாவதற்காக, 20 டிகிரியில் நொதித்த ஏலுக்கு லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை போதுமானது.

கேள்வி: லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர்) செய்தேன். 11 டிகிரியில் இரண்டு வாரம் கச்சிதமாக நிறுத்தினேன். குறை ஒன்றும் இல்லை, வெண்ணெய் வாசனையைத் தவிர.

பதில்: அது டைஅசிட்டைல். ஈஸ்ட் அதை உருவாக்கவும் செய்யும், பின்னர் தானே உட்கொள்ளவும் செய்யும். ஆனால் 11 டிகிரியில் அந்த இரண்டாம் வேலை மிக மெதுவாகவே நடக்கும். சர்க்கரையில் முக்கால் பங்கு தீர்ந்த நிலையில், ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும்போதே, 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வையுங்கள். வாசனை போனதா என்று அறிய, சிறிதளவு பீரை மூடிய கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள்; வெண்ணெய் மணம் எழாவிட்டால் மட்டும் குளிர்விக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: என் வீட்டில் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 டிகிரியைச் சுற்றியே இருக்கும். பனிக்கட்டிக்கும் ஃப்ரீசருக்கும் வழியில்லை. நான் இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். வெப்பத்தோடு போராட முடியாதபோது, வெப்பத்தை விரும்பும் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட்டுகள் 30 முதல் 40 டிகிரி வரையிலும் வேண்டாத வாடையில்லாத பீரைத் தருகின்றன. அவற்றுள் சில ஆரஞ்சுப் பழத்தை ஒத்த மணம் தருபவை. பெல்ஜியத்தின் சேசோன் வகை ஈஸ்ட்டுகளில் சிலவும் 30 டிகிரியைத் தாங்குபவை. அவற்றின் மிளகு மணம் அந்தப் பீருக்கு உரியதே. க்வைக் ஈஸ்ட் வேகமாக வேலை செய்வதால் சத்துக்குறை அதை எளிதில் தடுமாறச் செய்யும். ஒப்படர்த்தி குறைந்த பீரானால் ஈஸ்ட்டுக்கான ஊட்டச்சத்தைச் சற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் போன்ற சிறிய அளவில் செய்தால் பாத்திரம் வெப்பத்தை விரைவில் இழக்கும் என்பதால், 33 டிகிரியில் ஈஸ்ட்டை இட்டவுடன் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்துவிடுங்கள்.