எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு ஆண்டுகளாக வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. ‘முடி உதிர்வை 95 சதவீதம் குறைக்கும்’ என்று எழுதியிருந்த ஷாம்பு, கண்டிஷனர் இரண்டையும் 870 ரூபாய்க்கு வாங்கி மூன்று மாதம் போட்டேன். முடி மிருதுவாக இருக்கிறது, வகிடு அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் போர் தண்ணீர். குறை தண்ணீரிலா, ஷாம்புவிலா? வேறொன்று மாற்றிப் பார்க்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட எண்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் எறும்பளவில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதற்கான விளக்கம் பின்பக்கத்து அடி மூலையில், பொடி எழுத்தில்: ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டும்.’ கண்ணாடி போட்டாலும் படிப்பது சிரமம். படிக்கக் கூடாது என்றுதானே அங்கே போட்டிருக்கிறார்கள்!

சீப்பில் வரும் முடியை ஒரு தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் முறிந்தது. முறிவதை நல்ல கண்டிஷனர் குறைக்கும். உங்கள் முடி மிருதுவானது அதனால்தான். வேரோடு விழுவது வேறு சங்கதி. நாளைக்கு 50 முதல் 100 முடி அப்படி விழுவது எல்லோருக்கும் உண்டு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அன்றைக்கு மொத்தமாக வரும், பயந்துவிட வேண்டாம்.

போர் தண்ணீரின் கடினத்தன்மை முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், வாரும்போது முறியும். வகிடு அகலமாவதற்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கம் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்தக் கவலை குடிக்கிற தண்ணீரைப் பற்றியது, பல்லையும் எலும்பையும் பற்றியது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்ளுங்கள், போதும்.

மாற்றிப் பார்ப்பதானால் பாட்டிலாக வாங்காதீர்கள். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றதில் முன்னோடி கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அந்தப் புண்ணியத்தில் இன்று மளிகைக் கடையில் சில ரூபாய்க்கே சோதனை முடிந்துவிடும். ஒரே ஷாம்புவை நான்கைந்து குளியலுக்குப் போடுங்கள். அதுவரை கண்டிஷனரை மாற்ற வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்றே தெரியாது. கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். உச்சந்தலையில் பூசினால் மெல்லிய முடி எண்ணெய் வைத்ததுபோல் படிந்து, வகிடு இன்னும் பளிச்சென்று தெரியும். பலர் செய்கிற தவறு இதுதான். ‘அரப்புக்கே திரும்பிவிடவா?’ என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக, அதுவும் அழுக்கை எடுக்கும், முடியை முளைக்க வைக்காது.

தலையில் இரண்டு நிமிடம் இருந்து வழிந்து போகும் எதற்கும் 870 ரூபாய் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் சிக்கல் வேரில் இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டும் முடியைக் கொட்ட வைக்கும், இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். மினாக்ஸிடில் தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும். அது மருந்து, பலன் தெரியவே சில மாதங்கள் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும்.

கேள்வி: ‘வழுக்கையில் புது முடி முளைக்கும்’ என்று சொல்லி விற்ற மூலிகை ஷாம்பு வாங்கி ஏமாந்தேன். புகார் செய்ய முடியுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: முடியும். முதலில் லேபிளைப் பாருங்கள்: தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி. இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அது உங்களுக்குச் சாதகம். வழுக்கையைத் தீர்ப்பதாக மருந்தே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தடுக்கிறது, ஷாம்பு எம்மாத்திரம்! 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. ரசீதையும் விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள், காலிப் பாட்டிலைப் பழைய பொருள்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.