தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு சைக்கிள் பயணம்: வழிக்குறிப்பும் மேப்பும் பிரிண்ட் எடுப்பது எப்படி?

பதினைந்து பேர் போகிறீர்கள், பாதிப் பேருக்கு ஹேண்டில்பாரில் போன் மாட்ட வசதி இல்லை, கூகுள் மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆளுக்கொன்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஓடுகிற சைக்கிளில் மேப் படிக்க முடியாது. ஓட்டும்போது கண்ணுக்கு வேண்டியது க்யூ ஷீட், அதாவது எந்த கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் வழிக்குறிப்புத் தாள். வழி தவறியபின் ஓரமாக நிறுத்தி விரித்துப் பார்க்கத்தான் மேப். உங்கள் உழைப்பில் முக்கால் பங்கை க்யூ ஷீட்டுக்குக் கொடுங்கள்.

முதலில் வழியைக் கோடாகப் போட வேண்டும். பி-ரவுட்டர் இணையதளம் இலவசம், பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் ஓடுகிறது. தர்மபுரி நாலு ரோடு, இண்டூர், பென்னாகரம், ஒகேனக்கல் என்று புள்ளி வைத்தால் சுமார் 46 கி.மீ. வரும், பென்னாகரம் வரை ஏறக்குறைய 30, மீதி காட்டு வழியும் மலை இறக்கமும். ஃபாஸ்ட்பைக் ப்ரொஃபைலில் (எந்த மாதிரிச் சாலையை எடுக்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் அமைப்பு) போக்குவரத்து குறைந்த சாலைக்கென்று ஒரு வகை இருக்கிறது, அதை எடுங்கள். அது வனத்துக்குள் போகும் மண் தடத்தையும் வழியாகக் காட்டக்கூடும் என்பதால் கோட்டை ஒருமுறை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். பென்னாகரம் தாண்டினால் இருபுறமும் காப்புக்காடு. அனுமதியில்லாமல் தடத்தில் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும், யானை நடமாட்டமும் உண்டு. அந்த மாதிரி இடத்தின்மேல் ‘நோ-கோ’ வட்டம் ஒன்று வரைந்துவிட்டால் ரவுட்டர் அதைச் சுற்றிப் போகும். கடைசியில் ஜிபிஎக்ஸ் கோப்பாக, அதாவது வழிக்கோட்டைப் புள்ளிகளாகச் சேமிக்கும் கோப்பாக, இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி க்யூ ஷீட். எக்ஸெல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ நான்கு பத்தி: மொத்த தூரம், முந்தைய குறிப்பிலிருந்து தூரம், அம்புக்குறி, அடையாளம். மொத்த தூரத்தை மட்டும் கையால் போடுங்கள். இடைவெளியைக் கழித்தல் ஃபார்முலாவே கணக்கிடட்டும், நடுவில் ஒரு வரி சேர்த்தாலும் தப்பு வராது. ஒரு வரி இப்படி இருக்கலாம் (தூரம் மாதிரிக்குத்தான்):

12.4 | 3.1 | ← | கூட்ரோடு, வலப்பக்கம் மேல்நிலைத் தொட்டி. ரேஷன் கடை வந்தால் தாண்டிவிட்டீர்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. ஆனால் தாளிலேயே மதிப்புள்ள வாக்கியம் அதுதான். திருப்பத்தைத் தவறவிட்டவருக்கு, தவறவிட்டோம் என்பது அரை கிலோமீட்டருக்குள் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஊர் டீக்கடையில்தான் தெரியும். அதேபோல் நீளமாகத் திருப்பமே இல்லாத பகுதியில், ‘அடுத்த 9 கி.மீ. நேராக, கிளைச்சாலை எதிலும் இறங்க வேண்டாம்’ என்று ஒரு வரி போடுங்கள். குறிப்பே இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டினால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

அடையாளம் எது என்பதில் கறாராக இருங்கள். ஃபிளெக்ஸ் போர்டு, டீக்கடை, டாஸ்மாக் எல்லாம் இடம் மாறும். மாரியம்மன் கோயில் ஊருக்கு ஊர் இருக்கிறது. நிற்பவை மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடம், பாலம், பெட்ரோல் பங்க், நெடுஞ்சாலைத் துறையின் கிலோமீட்டர் கல். கல்லின் தலை நிறமே சாலை எது என்று சொல்லிவிடும்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. மெயின் ரோட்டில் போக வேண்டியவர் கண்ணில் ஆரஞ்சுத் தலை பட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். ஊர்ப் பெயரைப் பலகையில் உள்ளபடி எழுதுங்கள். பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கம் வழி போட்டால் ஒரே ஊர் ஓரிடத்தில் மாரண்டஹள்ளி, இன்னோரிடத்தில் மாரண்டஅள்ளி என்று இருக்கும்; இரண்டு எழுத்தையும் போட்டுவிடுவது நல்லது.

தூரம் ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு முக்கியக் காரணம் சைக்கிள் மீட்டரில் டயர் சுற்றளவைத் தப்பாகப் போட்டிருப்பது. 700×25 டயருக்கு 2105 மி.மீ., 700×32-க்கு 2155. முப்பத்திரண்டு டயர் மாட்டிக்கொண்டு மீட்டரில் 2105 விட்டுவைத்தால் 2.3 சதவீதம் குறைவாகக் காட்டும், 46 கி.மீ.-க்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். பதினைந்து மீட்டரையும் நீங்கள் சரிபார்க்கப் போவதில்லை. அதனால்தான் இடைவெளிப் பத்தி: பென்னாகரம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கச் சொல்லுங்கள், பிழை அங்கேயே அறுந்துவிடும்.

திரும்பி வருவதற்கு அதே தாளைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லாதீர்கள். பெயர்ப்பலகை ஒரு பக்கம் பார்த்துத்தான் நிற்கும். போகும்போது பளிச்சென்று தெரிந்த கூட்ரோடு வரும்போது மரத்துக்குப் பின்னால் இருக்கும். தனித் தாள், தனிக் கணக்கு. இறங்கிய மலையை ஏற வேண்டியிருப்பதால் தண்ணீர் எங்கே நிரப்ப வேண்டும் என்பதும் திரும்பும் தாளில் ஒரு வரியாக வரட்டும்.

மேப்புக்கு வருவோம். தர்மபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்றே. வழி கிழக்கு மேற்காக நேர்க்கோட்டில் சுமார் 41 கி.மீ. எனவே ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். 1:1,00,000 அளவில் ஒரு செ.மீ. ஒரு கி.மீ.; ஓரம் போக ஒரு தாளில் 27 கி.மீ. அடங்கும், இரண்டு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வருமாறு வைத்தால் இரண்டு தாளில் முழு வழியும் முடிந்தது. 1:50,000 அழகாக இருக்கும், ஆனால் தாள் இரட்டிப்பாகும். மலைப்பகுதிக்கு மட்டும் அது போதும்.

எளிய வழி மேப்ஓஎஸ்மேட்டிக் தளம்: ஜிபிஎக்ஸை ஏற்றினால் பிடிஎஃப் ஆகத் தரும். கையில் நேரம் இருந்தால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருள். அதில் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. ஒன்று, இணைய மேப்பின் வெப் மெர்கேட்டர் (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறை) ப்ரொஜெக்‌ஷனிலேயே பிரிண்ட் லேஅவுட் போட்டால் நம் அட்சரேகையில் அளவு 2 சதவீதத்துக்கு மேல் பொய் சொல்லும். அதற்குப் பதில், பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து விரிக்கும் யூடிஎம் எடுங்கள். இங்கே ஒரு சிக்கல்: 78 டிகிரி தீர்க்கரேகை தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே போகிறது, கிழக்கே 44-ம் மண்டலம், மேற்கே 43. வழியின் பெரும்பகுதி 43-ல் இருப்பதால் முழுவதற்கும் 43 வடக்கையே வைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன தூரத்தில் பாதகமில்லை. இரண்டு, தமிழ் எழுத்து. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர் தனிப் புலத்தில் இருக்கும், பல ஊருக்கு இருக்கவே இருக்காது. தமிழ் இருந்தால் அதை, இல்லாவிட்டால் பொதுப் பெயரை எடுக்கும்படி லேபிளை அமையுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றும் தேர்வைப் போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

வழிக்கோட்டைச் சிவப்பில் போடாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான். சிவப்பு சாம்பலாகி மற்ற சாலைகளோடு கலந்துவிடும். கருப்பில், ஒன்றரை மி.மீ. தடிமனில், சாலைப் பெயரை மறைக்காமல் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி. கீழே ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போடுவது உரிமத்தின் நிபந்தனை.

கடைக்கு வேர்டு கோப்பாகக் கொண்டுபோகாதீர்கள்; அங்கே ஃபான்ட் இல்லையென்றால் அம்புக்குறி எல்லாம் கட்டமாகிவிடும். பிடிஎஃப் மட்டும். ‘ஃபிட் டு பேஜ்’ எடுத்துவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ வைக்கச் சொல்லுங்கள், முதல் தாள் வந்ததும் அளவுகோலை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: 5 கி.மீ. கோடு 5 செ.மீ. இருக்க வேண்டும். இங்க்ஜெட் வேர்வையிலும் மழையிலும் கரையும், லேசர்தான் நிற்கும்.

க்யூ ஷீட் ஏ4-ல் நான்கில் ஒரு பங்கு, எழுத்து 14 பாயிண்ட், பக்கத்துக்குப் பதினைந்து வரிக்கு மேல் வேண்டாம். லேமினேஷன் வெயிலில் கண்ணைக் கூசும், மடித்தால் வெடிக்கும். ஜிப்லாக் கவரில் போட்டு பைண்டர் கிளிப்பால் ஹேண்டில்பாரில் கவ்விவிட்டால் ஒரு கையால் திருப்பலாம். பின்பக்கம் 112, 108, கடைசியாக வரும் வண்டிக்காரர் எண். காட்டுப் பகுதியில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், எனவே எங்கே கூடுவது, எத்தனை மணி வரை காத்திருப்பது என்பதையும் அங்கேயே அச்சிடுங்கள். மூலையில் தேதி. சாலை வேலை நடக்கிற மாவட்டம் இது, திருத்திய தாளும் பழைய தாளும் ஒரே கூட்டத்தில் கலந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்புவார்கள்.