ஊரடங்குக்குப் பிறகு நீங்கள் எடுத்த, சந்தோஷமாகக் கடைப்பிடிக்கிற தீர்மானம் ஏதாவது உண்டா?

உண்டு, இரண்டு. இரண்டையும் இன்றுவரை விடவில்லை. ஆனால் அவை வந்த வழியைச் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது நானும் அம்மாவும் சென்னை பெரம்பூர் வீட்டில் இருந்தோம். முதல் வாரமே ஒரு நோட்டில் பெரிய பட்டியல் போட்டேன். காலையில் யோகா, மத்தியானம் இந்தி, ராத்திரி ஐம்பது பக்கம் வாசிப்பு. ஏப்ரல் பாதியில் எல்லாம் நின்றுபோனது. தெருவில் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பயத்தில் யாராலும் உட்கார்ந்து இந்தி எழுத்து பழக முடியாது. அப்படி விட்டவர்கள் அதற்காக வருத்தப்படவே வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள், தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் குப்பையில் போடப் போனவள், அதன் பின்பக்கத்தில் "29சி, ஜன்னல் சீட்" என்று எழுதினேன். 29சி எங்கள் பெரம்பூர் பஸ். அன்றைக்கு மனசு கேட்டது அதைத்தான். மறுநாள் தாளில் "கோயம்பேட்டில் பூ மூட்டை பிரிக்கிற வாசனை". இன்னொரு நாள் "கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேச்சு". தினமும் ஒரு தாள், ஒரே ஒரு ஏக்கம். சில நாட்களில் அம்மாவும் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். எல்லாவற்றையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தோம்.

அந்த ஜூன் கடைசியில் பாளையங்கோட்டையில் பெரியம்மா இறந்துபோனார். சென்னையில் 19-ம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடாது. நாங்கள் போகவில்லை. அம்மா தன் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது வீடியோ காலில்தான். அன்றைய தாளில் அம்மாவே எழுதினார்: "அக்கா வைக்கிற சொதி."

அந்த வருஷக் கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்துத் தாள்களைத் தரையில் பரப்பினோம். நூறுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட "எடை குறைக்க வேண்டும்" என்றோ "புதிதாக ஏதாவது கற்க வேண்டும்" என்றோ இல்லை. எல்லாத் தாளிலும் ஒரு ஆளோ, ஒரு இடமோ, ஒரு சாப்பாடோதான். சரி, தீர்மானத்தை இதிலிருந்தே எடுப்போம் என்று முடிவு செய்தோம். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்களிடம் என்ன குறை என்று யோசிக்காமல், அந்த மாதங்களில் எதற்கு ஏங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று பஸ். மாதத்தில் ஒரு நாள், எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், ஒரு வழித்தடத்தை முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போவது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. இரண்டே நாளில் மறுபடி ஊரடங்கு. ஜூன் 21-ல் பஸ் திரும்ப ஓடியதும் அந்த வாரமே 29சி-யில் ஏறினோம். பெரம்பூரிலிருந்து புரசைவாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு தாண்டி பெசன்ட் நகர் வரை. ஜன்னல் சீட் அம்மாவுக்கு. மூடியிருந்த கடைகளையும் திறந்திருந்த கடைகளையும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்னொன்று சொதி. மாதம் ஒரு சொந்தக்காரருக்கு போன் போட்டு, அவர் கைப்பக்குவமான ஒன்றைக் கேட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டே சமைப்பது. முதல் ஆள் பெரியம்மாவின் மகள். நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் போடுகிற குழம்பு இது. ஒரே தேங்காயில் மூன்று பால் எடுக்க வேண்டும். காய்கள் மூன்றாம் பாலில் வேகும், அப்புறம் வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும். அந்த அக்கா போனில் அதட்டிக்கொண்டே இருந்தாள்: "ஏட்டி, மொதப் பால ஊத்துனதும் அடுப்ப அணைச்சிரு. கொதிச்சா திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் எறக்குன பொறவுதான்." நடுவில் பெரியம்மா பேச்சு வந்தது. போன வருஷம் அழ முடியாத அழுகையை மூன்று பேரும் அன்றைக்கு அழுதோம். அப்புறம் இஞ்சித் துவையல் அரைத்துச் சாப்பிட்டோம்.

நடைமுறையில் இரண்டு விஷயம். தினமும் என்று வைக்காதீர்கள், மாதம் ஒன்று போதும். ஒரு மாதம் தவறினால் கணக்குப் பார்க்காமல் அடுத்த மாதம் தொடருங்கள். எங்களுக்கு நாலைந்து மாதம் விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், கூட ஒரு ஆள் இருக்கிற மாதிரி தீர்மானம் எடுங்கள். நான் சோம்பிக் கிடந்த மாதங்களில் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதால்தான் பஸ் பயணம் நிற்கவில்லை.

இந்த மாதம் நாகர்கோவில் அத்தையிடம் தீயல் குழம்பு கேட்டிருக்கிறேன். தேங்காயை எந்த அளவுக்குக் கறுக்க வறுக்க வேண்டும் என்று அத்தைக்கும் அம்மாவுக்கும் இப்போதே போனில் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.