டெல்லி–சென்னை 1,760 கி.மீ. தானே, விமானத்துக்கு ஏன் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்?

1,760 கி.மீ. என்பது இரு விமான நிலையங்களுக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். அதை மணிக்கு 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் இரண்டே கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் டெல்லியில் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து சென்னையில் வந்து நிற்கும்வரை.

கரோல்பாக்கிலிருந்து குருகிராம் போகும்போது நெடுஞ்சாலை வேகத்தை வைத்து மட்டும் நேரம் கணக்கிட மாட்டோம். தெருவைத் தாண்டவும் சிக்னலில் நிற்கவும் ஆகும் நேரத்தையும் சேர்ப்போம். இதுவும் அப்படித்தான். டெல்லியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்கவே பல நேரம் 20 நிமிடம் ஆகிவிடும். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே மணிக்கு சுமார் 460 கி.மீ. தான் வேக வரம்பு. வான்வழிகளும் நேர்கோடாக இருப்பதில்லை.

பெங்களூரு–சென்னை வெறும் 270 கி.மீ.; அதற்கே ஒரு மணி நேரம் போடுவதும் இதனால்தான். தரையில் ஆகும் நேரம் தூரத்தோடு சேர்ந்து குறையாது.

பலர் நினைப்பதுபோல டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் மேலெழும் நேரமல்ல. அதற்குள் கதவு மூடியிருக்கும்.