பழைய வீடியோ கேம், கன்சோல் எல்லாம் எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு அப்புறம் வருத்தப்பட்டிருக்கீங்களா?

ஆமாங்க. 2010ல ஒரு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்) குடுத்தேன், இன்னைக்கும் மனசு ஆறல. மெஷின் போனதுக்காக இல்ல, அதோட சேத்துக் குடுத்த மெமரி கார்டுக்காக. கேம்ல எது வரைக்கும் முடிச்சோம்ங்கறது எல்லாம் சேவ் ஆகறது அதுலதான்.

அது 2006ல நானும் தம்பியும் சேந்து வாங்கினது. ரெண்டு வருஷத்துப் பொங்கல் காசு, தீபாவளிக் காசு, பாட்டி ஊருக்குக் கிளம்பறப்பல்லாம் கையில திணிச்சுட்டுப் போற அம்பது நூறு, எல்லாத்தையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சு, பத்தாததுக்கு அப்பா மேல போட்டு, 8,000 சொச்சத்துக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினோம். எங்க தெருவுல மொத்தம் ரெண்டு வீட்லதான் பிஎஸ்2 இருந்துச்சு, அதுல ஒன்னு எங்க வீடு. லீவு விட்டா பசங்க எல்லாம் எங்க ஹால்லதான், கிரிக்கெட் 07 போட்டு ஆளுக்கு ரெண்டு ஓவர்.

ஆனா தம்பிக்கு உயிர் கிரான் டூரிஸ்மோ 4ங்கற கார் ரேஸ் கேம். அந்த டிஸ்க் மட்டும் ஒரிஜினல், மத்ததெல்லாம் லோக்கல் காப்பி. விளையாடினவங்களுக்குத் தெரியும், 700க்கு மேல கார் இருக்கும், ஆனா கையில 10,000 கிரெடிட்டோட (கேம்ல கார் வாங்கற காசு) ஆரம்பிக்கணும், லைசன்ஸ் எடுக்காம பெரிய ரேஸ் எதுலயும் விட மாட்டான். அஞ்சு லைசன்ஸ், ஒவ்வொன்னுக்கும் 16 டெஸ்ட். அப்புறம் 34 மிஷன், கடைசி மிஷன் நூர்பர்கிரிங் டிராக்ல ஒரு ரவுண்டு, 20 கிலோமீட்டருக்கு மேல, முன்னாடி போற கார் எல்லாத்தையும் அந்த ஒரே ரவுண்டுல புடிச்சு தாண்டணும், ஒரு வளைவுல வெளிய போனா மொதல்ல இருந்து. பத்தாவது முடிச்ச லீவுல தம்பி அத ஒரு மாசம் மாதிரி போட்டான். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என்னை உலுக்கி எழுப்பி "அண்ணா வா, முடிச்சிட்டேன்"னான், போய்ப் பாத்தா டிவி சத்தத்தக் கூட கொறச்சு வெச்சுத்தான் விளையாடியிருக்கான், கை நடுங்கிட்டு இருந்துச்சு அவனுக்கு.

அது எல்லாமே அந்த 8 எம்பி கார்டுலதான் இருந்துச்சு. தீப்பெட்டி சைஸ் கருப்பு கார்டு. மேல ஸ்கூல் நோட்டு லேபிள வெட்டி ஒட்டி எங்க ரெண்டு பேர் இனிஷியலும் எழுதியிருந்தான்.

2010ல எனக்கு வேலை கிடைச்சு முத மாசச் சம்பளம் வந்துச்சு. தம்பி திருச்சில ஹாஸ்டல்ல. பிஎஸ்3 ஸ்லிம் வாங்கணும்னு ஒரு வெறி, எக்ஸ்சேஞ்ச் போட்டா கொறையும்னு பிஎஸ்2, ரெண்டு கன்ட்ரோலர், பதினோரு டிஸ்க் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போயிட்டேன், தம்பிக்கு ஒரு போன் கூடப் பண்ணல. கடைக்காரர் எல்லாம் போட்டுப் பாத்துட்டு 2,500 சொன்னார். "கார்டு இருக்கா தம்பி? அதுக்கு தனியா 150 தரேன்"னார். எடுத்துக் குடுத்தேன்.

அவர் அதச் சொருகி பிரவுசரத் தொறந்தார், கார்டுல என்ன இருக்குன்னு காட்டற ஸ்கிரீன் அது. பிஎஸ்2ல ஒவ்வொரு சேவும் ஒரு குட்டி பொம்மையா ஸ்கிரீன்ல சுத்திட்டு நிக்கும். மொத்தமா ஃபார்மட் பண்ண அதுல வழி கிடையாது, ஒவ்வொன்னாத்தான் அழிக்கணும். "இதெல்லாம் எடுத்துடலாம்ல?"னு திரும்பிக் கேட்டார். நான் புது பெட்டியப் பாத்துட்டே "ம்"னேன். அவர் ஒவ்வொன்னா எஸ் குடுத்துட்டே வந்தார். கிரான் டூரிஸ்மோவும் போச்சு. நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். கடைக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல, மனுஷன் கேட்டுட்டுத்தான் செஞ்சார்.

தீபாவளிக்கு தம்பி வந்தான். டிவி ஸ்டாண்டுல பிஎஸ்3யப் பாத்து சந்தோஷம்தான். கொஞ்ச நேரம் கழிச்சு கீழ்த்தட்டு, அலமாரி எல்லாம் பாத்துட்டு வந்து "பழசு எங்கண்ணா?"ன்னான். சொன்னேன். ஒன்னும் சொல்லல. அப்புறம் "கார்டாவது எடுத்து வெச்சியா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல, அவன் மூஞ்சி மட்டும் ஞாபகம் இருக்கு. திட்டியிருந்தா கூட பரவால்ல.

இன்னொன்னு, பிஎஸ்3ல பழைய டிஸ்க் எல்லாம் ஓடும்னு எவனோ சொன்னத நம்பிட்டேன். 2006ல வந்த முதல் மாடல்லதான் பிஎஸ்2 சிப் இருந்துச்சு, அப்புறம் தூக்கிட்டாங்க, ஸ்லிம்ல பிஎஸ்1 டிஸ்க் ஓடும், பிஎஸ்2 ஓடாது. கிரிக்கெட் 07 பிஎஸ்3க்கு வரவே இல்ல, கிரான் டூரிஸ்மோ 4உம் வரல. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, பிஎஸ்3க்குன்னே ஒரு மெமரி கார்டு அடாப்டர் வித்தாங்க, யூஎஸ்பில சொருகினா பழைய கார்டுல இருக்கற சேவ் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துடும். எனக்குத் தெரிஞ்சப்ப ரொம்ப லேட்.

அதனால இப்ப எக்ஸ்சேஞ்ச் போடலாம்னு யோசிக்கறவங்களுக்கு: மெஷின குடுங்க, தப்பில்ல. பிஎஸ்2 உலகம் பூரா 15 கோடிக்கு மேல வித்திருக்கு, நாளைக்கே வேணும்னாலும் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும், டிஸ்க்கும் தேடினா கிடைக்கும். கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் மட்டும் குடுக்காதீங்க, குடுத்தே ஆகணும்னா காப்பி எடுத்துட்டுக் குடுங்க. அப்புறம் அந்த மெஷின்ல வேற யாராவது விளையாடியிருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, சின்னப் பசங்களா இருந்தாலும்.

2019ல ஒரு பிஎஸ்2 தேடிப் புடிச்சு வாங்கினேன், கிரான் டூரிஸ்மோ 4 டிஸ்க்கும். புது டிவில படம் கலங்கலாத் தெரியுதுன்னு பழைய டப்பா டிவி ஒன்னும் எடுத்தேன், வீட்ல திட்டு விழுந்துச்சு. தம்பி ஊருக்கு வரப்பல்லாம் உக்காருவான், 10,000 கிரெடிட்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சு இப்ப நாலாவது லைசன்ஸ் வரைக்கும் வந்திருக்கான், அந்த 34ஆவது மிஷன் இன்னும் தொடல. இந்தத் தடவை கார்டு என்கிட்ட இல்ல. அவன் பர்ஸ்லயே வெச்சிருக்கான்.