300 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல்? சிறு விமான நிலையங்களுக்கு இடையிலான பயணம்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு ஊருக்கும் நடுவே 300 கி.மீ. தான். ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும் என்கிறார்கள். 36 நிமிடம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் போட்டிருக்கிறதே, சார்?

பதில்: டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகர்ந்ததில் தொடங்கி, அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுதளம் வரை உருண்டு போக வேண்டும், முன்னால் இருப்பவர் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போது அந்த 500 கி.மீ. வேகம் கிடைக்காது, இறங்க நெருங்கும்போதும் குறைத்துவிடுவார்கள். காற்றின் திசையைப் பொறுத்து ஓடுதளத்தின் மறுமுனையிலிருந்து இறங்க நேர்ந்தால் ஊரைச் சுற்றி வர வேண்டும். இதற்கெல்லாம் மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்குகிற அதிசயம் இதனால்தான்.

நான் போடும் தோராயக் கணக்கு: தூரத்தை வேகத்தால் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: அதே தூரத்துக்கு ஜெட் விமானம் இருந்தால் பாதி நேரத்தில் போய்விடலாமா?

பதில்: முடியாது. ஜெட்டின் 800 கி.மீ. வேகம் உயரத்தில்தான் கிடைக்கும். 36,000 அடியிலிருந்து இறங்குவதற்கே ஏறக்குறைய 200 கி.மீ. வேண்டும், ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு. 300 கி.மீ. பயணத்தில் அதற்கு இடமே இல்லை, அதனால் குறைந்த உயரத்தில் எரிபொருளைக் கொட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மிஞ்சுவது சில நிமிடங்கள். குறுந்தூரத்துக்கு விசிறி விமானமே போதும் என்பது என் கட்சி. சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: இணையத்தில் காட்டும் வான்வழித் தூரம் சரியா?

பதில்: பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம் அது, பெருவட்டத் தூரம் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் விமானம் வரையறுத்த வான்வழிப் புள்ளிகளைத் தொட்டும், ராணுவத் தடைப் பகுதிகளைச் சுற்றியும் போகும். பறக்கும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம். காற்றா அண்ணா?

பதில்: இரண்டு ஊரும் ஒரே நேர மண்டலத்தில் இருந்தால், பெரும்பாலும் காற்றுதான். 500 கி.மீ. தூரம், 500 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று வைப்போம். எதிர்க்காற்றில் 75 நிமிடம், பின்காற்றில் 50. போக வர 125. காற்றே இல்லாவிட்டால் 120. ஆக, போகும்போது இழந்ததை வரும்போது முழுசாக மீட்க முடியாது. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா?

கேள்வி: தாமதமானால் விமானி வேகம் கூட்டிப் பிடிக்கலாமே?

பதில்: இவ்வளவு குறைந்த தூரத்தில் இரண்டு நிமிடம் மிச்சமானால் பெரிது. நேர்வழி கேட்டு வாங்கினால் இன்னும் கொஞ்சம்.

கேள்வி: திரையில் 162 மைல் என்று வந்தது. 300 கி.மீ. என்றால் 186 மைல் அல்லவா?

பதில்: அது கடல் மைல். ஒன்று 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 300 வரும்.