கோழியில் மரபணு மார்க்கர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மார்க்கர் என்றால் அதிக முட்டை தரும் மரபணுவா?

பதில்: இல்லை. டிஎன்ஏவில் கோழிக்குக் கோழி மாறுபடும் ஓர் இடம்தான் மார்க்கர். சில சமயம் அந்த மாற்றமே குணத்துக்குக் காரணமாக இருக்கும். பெரும்பாலும் காரணத்துக்குப் பக்கத்தில் இருந்து, அதனுடன் சேர்ந்தே குஞ்சுக்குப் போகும் அடையாளம் மட்டுமே.

கேள்வி: பிராய்லரில் எடையைக் காட்டும் என்று படித்த மார்க்கரை என் நாட்டுக்கோழிகளில் சோதித்தேன். அது உள்ளதும் இல்லாததும் ஒரே எடைதான். ஆய்வகத்தின் தவறா?

பதில்: ஆய்வகத்தைக் குறை சொல்லாதீர்கள். தலைமுறைதோறும் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்போது அடையாளமும் காரணமும் பிரியலாம். குறைவான முன்னோர்களிடமிருந்து வந்த வணிக இனத்தில் இரண்டும் ஒட்டியே இருக்கும். நெடுங்காலம் கலந்து வளர்ந்த நாட்டுக்கோழியில் அந்த ஒட்டு அறுந்திருக்கலாம். தலைகீழாவதும் உண்டு: அங்கே எடை கூடிய கோழியில் இருந்த வடிவம் இங்கே எடை குறைந்த கோழியில் இருக்கும்.

இன்னொன்று, எடையும் முட்டை எண்ணிக்கையும் ஏராளமான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருபவை. ஒற்றை மார்க்கரை நம்பிச் சேவல் பொறுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால்தான் பெரிய இனவிருத்திக்காரர்கள் ஆயிரக்கணக்கான எஸ்என்பிகளை, அதாவது டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறுபடும் இடங்களை, சிப் என்ற ஒரே சோதனைத் தகட்டில் படித்து, எல்லாவற்றின் பங்கையும் கூட்டி மதிப்பிடுகிறார்கள். 2013-இல் கோழிக்கென்று சுமார் 6 லட்சம் எஸ்என்பி கொண்ட சிப்பே வந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் ஒற்றை மார்க்கரால் பயனே இல்லையா?

பதில்: ஒரே மரபணு ஆளும் குணமென்றால் அருமையான பயன் உண்டு. பழுப்பு முட்டையிடும் சில கோழிகளின் முட்டையில் மீன் வாடை வரும். தீவனத்திலிருந்து உண்டாகும் டிரைமெத்திலமைன் என்ற மீன் வாடைப் பொருளை எஃப்எம்ஓ3 என்ற நொதி மாற்றி வாடையில்லாமல் செய்ய வேண்டும். அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் வாடை மஞ்சள் கருவில் தேங்கிவிடும். சேவல் முட்டையிடாது, அது பழுதைச் சுமக்கிறதா என்று மூக்கால் அறிய வழியில்லை. மார்க்கர் சொல்லிவிடும். 2005-இல் இந்த மாற்றம் வெளியானபின் இனப்பெருக்கக் கூட்டங்களிலிருந்து அதை நீக்க வழி பிறந்தது.

கேள்வி: ஒருநாள் குஞ்சின் இறகைப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிக்கிறார்கள். என் குஞ்சுகளில் அது பலிக்கவில்லையே?

பதில்: இறக்கையை விசிறிபோல விரித்துப் பாருங்கள். கீழ்வரிசை நீள இறகுகள் மேல்மூடும் இறகுகளைத் தாண்டி நீண்டிருந்தால் பெட்டை. சமமாகவோ குட்டையாகவோ இருந்தால் சேவல். ஆனால் இது பலிக்க, தகப்பன் வேகமாக இறகு முளைக்கும் வகையாகவும் தாய் மெதுவாக முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். அந்த மரபணு, பாலைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்குஞ்சுக்குத் தகப்பனின் இசட் மட்டுமே வரும். சேவல்குஞ்சுக்குத் தாயுடையதும் வரும், அதில் மெதுவாக முளைக்கும் வகையே மேலோங்கும். உங்கள் கூட்டத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தால் இறகு எதையும் சொல்லாது.

கேள்வி: கழுத்தில் இறகில்லாத கோழியைக் கழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் ஒரே ஆதிக்க மரபணுவின் வேலை அது. உடம்பிலும் இறகைக் குறைக்கிறது. சூடு எளிதாக வெளியேறும். வெப்பமான இடத்தில் அதன் வளர்ச்சி அவ்வளவாகத் தேங்காது. இதற்குச் சோதனைகூட வேண்டாம், கண்ணே போதும்.

கேள்வி: என்னிடம் 40 கோழிகள். சிப் சோதனை செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 40 கோழிகளை வைத்து எந்த மார்க்கரையும் நம்பகமாக எடைபோட முடியாது. முதலில் இறக்கையில் எண் பட்டை மாட்டுங்கள். பொரித்த நாள், தாய் தகப்பன், 8 வார எடை, முதல் முட்டை இட்ட வயது, இவற்றை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்து, எண் எழுதி, ஈரம் படாமல் வையுங்கள். கோழியின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, நமக்குக் கிடையாது. அதனால் அந்த ஒரு சொட்டிலேயே பிறகு சோதிக்கத் தேவையான டிஎன்ஏ இருக்கும்.